மண்வெட்டியும் கணக்கேடும்: இந்தியப் பள்ளித் தோட்டங்களின் வரலாறு

பள்ளியில் ஒரு பிள்ளை மண்வெட்டி பிடித்தால் அது கல்வியா, வேலை வாங்குதலா? இந்தியாவில் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. பிற நாடுகளில் பள்ளித் தோட்டத்தின் நன்மைகளைப் பட்டியலிடுவது எளிது: உடல்நலம், இயற்கையறிவு, கூட்டு உழைப்பு, நல்ல உணவு. இங்கே அந்தப் பட்டியலுக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. சேற்றில் இறங்க வேண்டியவர் யார், வரப்பில் நின்று கணக்கு எழுத வேண்டியவர் யார் என்பதைப் பிறப்பே வகுத்து வைத்திருந்த நாடு இது. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்பாளரையே படிநிலையாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அந்தப் படிநிலைக்குள் ஒரு பள்ளி, பிள்ளைகளை வயலில் இறக்கும்போது எந்தப் பிள்ளையை இறக்குகிறது, இறக்கிய பின் அவனுக்கு என்ன தருகிறது என்பவையே முதலில் கேட்கப்பட வேண்டியவை. இந்தியாவில் நடந்த முயற்சிகளை இந்த இரு கேள்விகளோடு அணுகினால், வேளாண் வேலையிலிருந்து இளையோர் உண்மையில் பெற்றது எது, பெறாமற் போனது எது என்பது தெளிவாகிறது.

அரசின் பாத்திகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு கிராமப் பள்ளிகளுக்கு வேளாண்மையைக் கொண்டு செல்ல இரு வழிகளை முயன்றது. பம்பாய் மாகாணத்தில் புனேக்கு அருகிலுள்ள லோனியில் தனி வேளாண் பள்ளி அமைக்கப்பட்டது. உழவர் மகன் உழவனாவதற்கென்றே ஏற்பட்ட பள்ளி அது. பஞ்சாபில் வழி வேறு. வழக்கமான நடுநிலைப் பள்ளிக்கே ஒரு பாத்தியோ சிறு பண்ணையோ சேர்க்கப்பட்டது. அங்கே மாணவன் வரலாறும் கணக்கும் மொழியும் படித்தபடியே நிலத்திலும் வேலை செய்தான்.

லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை அரசவை ஆணையம் 1928-இல் தன் அறிக்கையை அளித்தது. இரு வழிகளையும் எடைபோட்ட ஆணையம் பஞ்சாப் வழியையே விரும்பியது. வேளாண்மை பொதுக்கல்வியின் ஓர் உறுப்பாக இருக்க வேண்டும். உழவர் பிள்ளையைத் தனிக் கூடத்தில் ஒதுக்கிவிடக் கூடாது என்பதே அதன் சாரம். அந்த ஆணையத்துக்குச் சமூகப் புரட்சி நோக்கம் எதுவும் இருந்ததில்லை. ஆயினும் பின்வந்த எல்லா முயற்சிகளுக்கும் உரைகல்லாகக்கூடிய ஒரு வேறுபாட்டை அது தொட்டுவிட்டது. நிலத்தில் இறங்கும் பிள்ளைக்கு மற்றக் கல்வியின் கதவு திறந்திருக்கிறதா என்பதே அந்த வேறுபாடு.

சுருல்: 1922

இரவீந்திரநாத் தாகூர் 1906-இல் தம் மகன் ரதீந்திரநாத்தையும், மகனின் நண்பர் சந்தோஷ் சந்திர மஜும்தாரையும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வசதி படைத்த வங்காளக் குடும்பங்கள் பிள்ளைகளை வழக்கறிஞராகவும் ஆட்சிப்பணி அதிகாரியாகவும் ஆக்க இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் அது. ஒரு ஜமீன்தார் தம் மகனை வேளாண்மை படிக்கக் கப்பலேற்றியது அரிய செயல். பின்னர் அதே படிப்புக்குச் சென்ற மருமகன் நாகேந்திரநாத்துக்குத் தாகூர் ஒரு கடிதம் எழுதினார். பசியில் கிடக்கும் குடியானவர்களின் பணத்தில்தான் நீங்கள் அங்கே படிக்கிறீர்கள். திரும்பி வந்து அவர்கள் உணவைப் பெருக்கினால்தான் அந்தக் கடன் தீரும் என்பது அதன் பொருள். உழவுக் கல்வியை ஒரு கடனடைப்பாகவே அவர் கண்டார்.

அந்த எண்ணம் நிறுவன உருப்பெற்றது 1922 பிப்ரவரி 6 அன்று, சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுருல் கிராமத்தில். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த இளம் ஆங்கிலேயர் லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட் அதன் முதல் இயக்குநர். பின்னாளில் ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்ற நிறுவனம் அதுவே. இடமோ வளமற்றது. வீர்பூம் மாவட்டத்தின் செம்மண் மேடு மழையில் அரிக்கப்பட்டுப் பள்ளமும் ஓடையுமாகக் கிடந்தது, ஊர்களில் மலேரியா.

சாந்திநிகேதனிலிருந்து ஒரு சிறு மாணவர் குழு எல்ம்ஹர்ஸ்டுடன் அங்கே குடியேறியது. அவர்கள் பெரும்பாலும் படித்த வகுப்பினரின் பிள்ளைகள். அவர்கள் முன் வந்த முதல் பெரும் பாடம் உழவுகூட அன்று, கழிவறை. மலம் அள்ளத் தனி ஆள் வைப்பதற்கு மாறாக, தோட்டத்தில் குழி வெட்டி மலத்தைப் புதைத்து எருவாக்கும் வேலையை எல்ம்ஹர்ஸ்ட் தாமும் செய்தார், மாணவர்களையும் செய்ய வைத்தார். மேல்சாதி இளைஞர்களுக்கு இது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குடும்பத்திலும் கோயிலிலும் கற்றுத்தந்த தூய்மை ஒழுங்கு முழுவதும் அந்தக் குழியருகே கேள்விக்குள்ளாயிற்று. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் காய்கறி விளைந்தபோது, தீட்டு எனப்பட்ட பொருள் சோறாகத் திரும்பி வருவதை அவர்கள் கண்ணால் கண்டனர். மண்வளம் பற்றிய பாடமும் சாதி பற்றிய பாடமும் ஒரே குழியில் நடந்தன.

சுற்றுக் கிராமங்களில் காளிமோகன் கோஷ் முதலிய ஊழியர்கள் சிறுவர்களைத் திரட்டி ‘விரதி பாலகர்’ என்ற இளையோர் அமைப்பை உருவாக்கினர். கொசு பெருகும் குட்டைகளைத் தூர்ப்பது, கொய்னா மருந்து வழங்குவது, தீப்பற்றினால் ஓடி அணைப்பது, வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுவது ஆகியவை இவர்கள் பணி. வெளியிலிருந்து வந்த ஊழியர்களை ஐயத்துடன் பார்த்த பெரியவர்கள், தம் வீட்டுப் பிள்ளை செய்வதைத் தடுக்கவில்லை. பல ஊர்களுக்குள் சீரமைப்புப் பணி நுழைந்த வாயில் அந்தப் பிள்ளைகளே.

சிக்ஷா சத்ரா

ஸ்ரீநிகேதன் முயற்சிகளில் கல்வி வரலாற்றுக்கு மிக முக்கியமானது 1924-இல் தொடங்கிய ‘சிக்ஷா சத்ரா’ பள்ளி. ஆதரவற்றவரும் ஏழைகளுமான ஒரு சில கிராமச் சிறுவர்களுடன், இல்லினாயில் படித்துத் திரும்பிய சந்தோஷ் சந்திர மஜும்தார் அதை நடத்தத் தொடங்கினார். அவர் 1926-இல் மறைந்ததும் பள்ளி அடுத்த ஆண்டு ஸ்ரீநிகேதனுக்கு மாறியது. சமையல், துப்புரவு, நெசவு, தோட்டம், கோழி வளர்ப்பு எனத் தம் அன்றாட வாழ்வைத் தாமே நடத்தியபடி பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்றனர். எல்ம்ஹர்ஸ்ட் எழுதிய விளக்கத்தில் தோட்டம் நடுநாயகமான இடம் பெற்றது. குழந்தைக்கு அது ஒரே வேளையில் விளையாட்டிடமும் ஆய்வுக்கூடமும் ஆகும். அங்கே தவறு செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. விதை முளைக்காவிட்டால் காரணம் தேட வேண்டியவன் அவனே. வரவும் செலவும் எழுத வேண்டியவனும் அவனே.

இந்தப் பள்ளியின் முரண் இங்கேதான் தொடங்குகிறது. சாந்திநிகேதனின் புகழ்பெற்ற பள்ளியையும் கல்லூரியையும்விடச் சிக்ஷா சத்ராவின் கல்வி வாய்ப்புகளையே தாம் பெரிதாக மதிப்பதாகத் தாகூர் 1937-இல் எல்ம்ஹர்ஸ்டுக்கு எழுதினார். ஆனால் படித்த வகுப்பினர் தம் பிள்ளைகளை அனுப்பியது சாந்திநிகேதனுக்கு. சிக்ஷா சத்ராவுக்கு வந்தவர்கள் கிராமத்து ஏழைகள். இரண்டும் ஒரே மனிதரின் கனவில் பிறந்தவை. இரண்டுக்கும் இடையே இரண்டு மைல் தூரந்தான். ஆனாலும் அந்த இரண்டு மைலைக் கடந்து தம் பிள்ளையை மண்வெட்டியிடம் அனுப்பப் பெற்றோர் பெரும்பாலும் முன்வரவில்லை. 1928 முதல் ஸ்ரீநிகேதனில் ஏர்பிடிக்கும் விழா ஆண்டுதோறும் நடந்தது. தாகூரே முதல் விழாவில் கலப்பையைப் பிடித்தார். நந்தலால் போஸ் அக்காட்சியைச் சுவரோவியமாகத் தீட்டினார். விழாவுக்கு வந்து பார்த்தவர்களின் பிள்ளைகள் மறுநாள் வேறு வகுப்பறைக்குத்தான் திரும்பினர்.

வார்தா: மூன்று மணி இருபது நிமிடம்

1937 அக்டோபர் 22, 23 நாள்களில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அதையடுத்து ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, அந்த ஆண்டு முடிவதற்குள் தன் அறிக்கையைத் தந்தது. 7 வயது முதல் 14 வயது வரை ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழியே பயிற்றுமொழி, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்கள். நூற்பு நெசவைப் போலவே வேளாண்மையும் அத்தகைய நடுத்தொழிலாக வகுக்கப்பட்டது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் இக்கொள்கையை ஏற்றது. தமிழகம் அதை ஆதாரக் கல்வி என்று அறிந்தது.

சேவாகிராமத்தில் இதைச் செயல்படுத்தியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். அவர் முன்னதாகச் சாந்திநிகேதனில் தாகூரின் செயலராக இருந்தவர். மனைவி ஆஷா தேவியும் அங்கிருந்து வந்தவரே. ஸ்ரீநிகேதனின் பட்டறிவு வார்தாவுக்கு நடந்து வந்த பாதை இந்தத் தம்பதியர் வழியாகவும் அமைந்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. மாணவர் உழைப்பின் விளைபொருளை விற்று ஆசிரியர் ஊதியத்தை ஈடுகட்டலாம் என்ற காந்தியின் கருத்தே அதன் முதல் இலக்கு. பள்ளி பட்டறையாகிவிடும், பிள்ளைகளின் மலிவான உழைப்பு ஊர்க் கைவினைஞரின் பிழைப்பைக் கெடுக்கும் என்று பொருளியலறிஞர் கே. டி. ஷா வாதிட்டார். ஏழைக்கு ஒரு கல்வி, செல்வர்க்கு ஒரு கல்வி என்ற பிளவு இத்திட்டத்தில் நிலைத்துவிடுமோ என்று தாகூரும் கவலை தெரிவித்தார். சிக்ஷா சத்ராவின் தந்தையே இப்படி ஐயுற்றது கவனிக்கத்தக்கது. தம் பள்ளியில் நேர்ந்ததை அவர் கண்டிருந்தார். ஜாகிர் உசேன் குழுவும் இந்த இடரை உணர்ந்தே இருந்தது. பொருளாதார நோக்கு மேலோங்கிக் கல்வி நோக்கு பலியாகக் கூடும் என்ற எச்சரிக்கை அறிக்கையிலேயே இடம்பெற்றுள்ளது.

சேவாகிராமத்தில் அந்த எச்சரிக்கை மதிக்கப்பட்டது. பாத்தியின் நீளமும் அகலமும் பரப்பளவுப் பாடமாயின. நட்ட விதையும் முளைத்த விதையும் விழுக்காட்டைக் கற்பித்தன. கிணற்றில் இறைத்த நீர், செலவான நேரம், கிடைத்த காய்கறியின் எடை யாவும் ஏட்டில் ஏறின. துப்புரவுப் பணியை எல்லோரும் முறைவைத்துச் செய்தனர். கழிவு மட்கி எருவாகி வயலுக்குப் போயிற்று. 1945-க்குப் பின் உருவான உயர்நிலைப் பிரிவில் இளைஞர்கள் தம் உணவையும் உடையையும் தம் உழைப்பால் ஈட்ட முயன்றனர். ஒரு மனிதனுக்கு ஓர் ஆண்டுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பருப்பு, எவ்வளவு கீரை வேண்டும், அதற்கு எவ்வளவு நிலம், எத்தனை நாள் வேலை என்பதைக் கணக்கிட்டபோது அவர்கள் கற்றது நாட்டின் பொருளாதாரத்தையே. சமையற்கட்டு, வயல், துப்புரவு ஆகியவற்றுக்குத் தம்முள் பொறுப்பாளரைத் தேர்ந்தனர். அங்கே பணியாற்றிய மார்ஜரி சைக்ஸ் இவ்வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார்.

கல்வியாளர் கிருஷ்ணகுமார் ஆதாரக் கல்வியின் உட்பொருளை இவ்வாறு விளக்குகிறார்: இந்தியப் பள்ளி அதுவரை மேல்சாதியாரின் ஏட்டறிவை மட்டுமே அறிவாக ஏற்றிருந்தது; உழவு, நெசவு, தோல் வேலை போன்ற, தாழ்த்தப்பட்டோரின் அறிவைப் பாடத்திட்டத்தின் நடுவே வைத்தது காந்தியின் திட்டம். வீட்டில் கலப்பை இருப்பதால் வகுப்பில் குனிந்து நின்ற பிள்ளை, கலப்பையைப் பற்றிப் பேசும் வகுப்பில் நிமிர்ந்து நிற்க வழி பிறந்தது.

சரிவு

விடுதலைக்குப் பின் அரசுகள் ஆதாரக் கல்வியை ஏட்டளவில் எங்கும் விரித்தன. பெயர்ப்பலகைகள் மாறின, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியில்லை, பள்ளிக்கு நிலமில்லை, நீரில்லை. ஆதாரப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இடம் கிடைப்பது அரிதாயிற்று. நகரத்துப் பள்ளிகள் பழைய வழியிலேயே நடந்தன. தாகூர் அஞ்சிய பிளவு, திட்டத்தின் எழுத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் வந்து அமர்ந்தது.

அந்தப் பிளவின் மிகக் கூரிய வடிவம் 1953-இல் சென்னை மாநிலத்தில் தெரிந்தது. முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படித்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார். மாநிலமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. கையால் செய்யும் வேலையை இழிவாகக் கருதி எழுந்த எதிர்ப்பாக அதைக் கொள்வது பிழை. சேவாகிராமத்தில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையும் செய்தனர், அதுவும் பள்ளிக்குள், ஆசிரியரோடு. சென்னைத் திட்டமோ ஒவ்வொரு பிள்ளையையும் அவனவன் தகப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. முன்னதில் வேலை சாதியைக் கடந்தது. பின்னதில் பள்ளியே சாதிக்கு வழிவிட்டது.

1964–66-இல் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு ‘பணி அனுபவம்’ என்ற பெயரில் எண்ணத்தை மீட்கப் பார்த்தது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி’ என்று புதுப்பெயர் சூட்டியது. அப்பாடத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை ‘பயனுள்ள சில பாடவேளைகள் வீண்’ என்று விரித்து மாணவர்கள் நகையாடினர். மதிப்பெண் இல்லாத, ஆசிரியர் இல்லாத, நிலமும் இல்லாத ஒரு பாடத்துக்கு அந்த நகைப்பே தேர்வு முடிவாக வாய்த்தது.

பெற்றது என்ன?

இந்நெடிய வரலாற்றில் இளையோர் பெற்ற பயன்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, அறியும் முறை. பூச்சி அரித்த இலை பொய் சொல்லாது. ஆசிரியர் முகம் பார்த்து விடை சொல்லித் தப்பவும் முடியாது. விதைத்த நாளிலிருந்து அறுக்கும் நாள்வரை பார்த்து, குறித்து, ஒப்பிட்டு, காரணம் தேடும் பழக்கம் அறிவியலின் அடிப்படை. மனப்பாடத்தில் ஊறிய பள்ளி முறையில் இந்தப் பழக்கத்துக்கு இடம் தந்தவை தோட்டங்கள்.

இரண்டாவது, தீட்டு நீக்கம். எருவையும் சேற்றையும் தொட்ட கை வாழ்நாள் முழுதும் அதை நினைவில் வைத்திருக்கும். சாதி தவறு என்று சொல்லித் தருவதற்கும், அது விலக்கிய வேலையைச் சக மாணவனோடு சேர்ந்து செய்வதற்கும் உள்ள தொலைவு பெரிது.

மூன்றாவது, பொறுப்பு. விடுமுறை நாளிலும் செடிக்கு நீர் வேண்டும். தன் பாத்தியின் விளைச்சல் பலர் உண்ணும் உணவாகிறது என்றறிந்த பிள்ளை, தான் பிறர்க்கு வேண்டியவன் என்பதையும் அறிகிறான். ஏழைச் சிறுவனுக்கு இந்த அறிவு எளிதில் கிடைப்பதில்லை.

இம்மூன்றும் தானாக விளைந்தவை அல்ல. இவை கிடைத்த இடங்களில் எல்லாம் மூன்று நிபந்தனைகள் நிறைவேறியிருந்தன. வேலை செய்த பிள்ளையின் கையிலேயே கணக்கேடும் இருந்தது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வேலையைச் செய்தனர். உயர்கல்விக்கான வழி அடைபடாமல் இருந்தது. சுருலின் முதல் குழுவில் முதல் நிபந்தனையும் மூன்றாவதும் நிறைவேறின. சிக்ஷா சத்ராவில் இரண்டாவது தவறியது. விடுதலைக்குப் பிந்தைய ஆதாரப் பள்ளிகளில் மூன்றாவது தவறியது. 1953-இல் மூன்றும் தவறின.

இன்று

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 5 முதல் 14 வயதுக்குட்பட்ட உழைக்கும் குழந்தைகள் 1 கோடிக்கும் மேல். அவர்களுள் பெரும்பகுதியினர் வயலில்தான் இருக்கின்றனர். வேளாண் வேலையால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைகளும் நன்மை பெறுகிறார்கள் என்றாகிவிடும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று இடமளிக்கிறது. 1953-இன் நிழல் அந்த வரியில் இல்லையென்று சொல்வது கடினம்.

மறுபுறம், 2019-இல் நடுவணரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளி வளாகத்தில் கிடைக்கும் சிறு இடத்திலும், இடமில்லையேல் தொட்டியிலும் பையிலும் கூடக் காய்கறி வளர்த்து மதிய உணவில் சேர்க்கலாம் என்கிறது அத்திட்டம். சேவாகிராமத்தில் 2005-இல் மீண்டும் திறக்கப்பட்ட ஆனந்த் நிகேதன் பள்ளி, பழைய வழியை இன்றைய பிள்ளைகளுக்கேற்ப நடத்தி வருகிறது.

இத்தகைய தோட்டங்களைப் பார்வையிடும் அதிகாரிகள் வழக்கமாகக் கேட்பது எத்தனை கிலோ கீரை விளைந்தது என்பதையே. வரலாறு கேட்கச் சொல்வது வேறு. களை எடுக்கும் பிள்ளைகள் யார் யார்? பெருக்குவதும் நீர் ஊற்றுவதும் குறிப்பிட்ட சில தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கே விழுகின்றனவா? கணக்கேட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து? அடுத்த பருவத்தில் என்ன விதைப்பது என்று முடிவு செய்வது யார்? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே அந்த நிலம் பள்ளித் தோட்டமா, பள்ளிக்குள் இருக்கும் இன்னொரு வயலா என்று சொல்ல முடியும்.